பரல் வழக்குரை

பாயிரம்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதப் புகுவோர் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நன்னூலார் விதி. எட்டையும் சொல்ல எனக்குப் பொறுமையில்லை, வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லை: வடக்கே நிலாவெளி உப்பளம், மேற்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தெற்கே கொட்டியாரக்குடா, கிழக்கே கடல். நுதலிய பொருள்: வெறும் இரும்புப் பரல் ஒன்றைப் புகையடுப்பு ஆக்குதல். வழி: கடல் கடந்த நாடுகளில் முன்னோர் பலர் இருந்தும் அவர்கள் தமிழில் எழுதாத குற்றத்தால் இது முதல்நூல். கேட்போர்: கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத என் மச்சான். பயன்: ஒரு கோழி, இரண்டு பாரை, நாள் நல்லதானால் ஓர் ஆட்டுத் தொடை.

துளை எத்தனை, கம்பித்தட்டு எவ்வளவு உயரம், விறகு எது என்று இத்துறை வல்லோர் தம்முள் மாறுபடுவர். அவையெல்லாம் பின்னால் வரும் கேள்விகள் என்பது இவ்வாய்வின் துணிபு. பரலின் முன்னால் நிற்பவன் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குள் என்ன இருந்தது?

இந்தக் கேள்விக்குத் தமிழில் பழைய முன்னுதாரணம் உண்டு. பாண்டியன் அவையில் நடந்த வழக்கு சிலம்பின் வெளிவேலைப்பாட்டைப் பற்றியதன்று. அதற்குள் இட்ட பரல் முத்தா மாணிக்கமா என்பதே வழக்கு. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டதற்கு ஒரு வணிகன் உயிரும், ஓர் அரசன் உயிரும், ஒரு நகரமும் போயின. நான் கேட்காமல் விட்டதற்கு ஒரு கோழி போயிற்று. விளைவில் ஏற்றத்தாழ்வு உண்டெனினும் தவறு ஒன்றே என்க.

சொல்லும் பொருளும்

பழந்தமிழில் பரல் என்றால் பருக்கைக்கல். சிலப்பதிகாரத்தில் சிலம்புக்குள் இருக்கும் மணி. திருகோணமலைக் கடைத்தெருவில் பரல் என்றால் ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும் இரும்பு உருளை. ஓர் ஆங்கிலச் சொல் எங்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் பழைய தமிழ்ச் சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஆகவே முன்னோர் உள்ளே இருப்பதைப் பரல் என்றார்கள். நாங்கள் வெளியே இருப்பதைப் பரல் என்கிறோம். இந்த இடமாற்றமே பின்னால் நேர்ந்த குழப்பங்களுக்கெல்லாம் வித்து என்று நான் கருதுகிறேன்.

பீப்பாய் என்று எழுதலாமே என்பாரும் உளர். அது போர்த்துக்கேயச் சொல். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையே கோட்டைக்குப் பயன்படுத்தியவர்கள், தமிழுக்கு மேசை, கதிரை, அலுமாரி, சாவி, பீப்பாய் என்று ஒரு குடும்பம் குடிபுகத் தேவையான சாமான் அத்தனையையும் விட்டுப்போனார்கள். கதிரையில் இருந்து எழுதுகிறேன். அதற்குமேல் அவர்களுக்குக் கடமைப்பட எனக்கு விருப்பமில்லை.

பாபிகியூ என்ற சொல் இன்னும் தூரத்திலிருந்து வருகிறது. கரிபியன் தீவுகளில் தைனோ மக்கள் தடிகளால் உயரமாகக் கட்டிய தட்டைக் குறித்த சொல்லை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் பார்பகோவா என்று எழுதிக்கொண்டார்கள். உலகத்துச் சொல் எதுவானாலும் தமிழ்தான் தாய் என்று நிறுவும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தடிகளால் கட்டிய உயரத் தட்டுக்கு எங்கள் சேனைக் காவற்காரர் பரண் என்கிறார்களே, பார்ப கோவா என்பது பரண் கோ அன்றி வேறென்ன என்று அவர் கேட்டார். மறுக்க என்னிடம் சான்றில்லை. மறுத்தால் தேநீர் கிடைக்காது என்பதும் ஆய்வில் கருத்தில் கொள்ளப்பட்டது.

சுட்ட இறைச்சிக்குத் தமிழில் இலக்கியச் சான்று தேடுவோர் பொருநராற்றுப்படையைப் பார்க்கலாம். கரிகாலன் வீட்டு விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனை இரவு பகலாகத் தின்ற பொருநனுக்குப் பல், கொல்லையை உழுத கொழுப் போல் தேய்ந்துவிட்டதாம். அந்த இறைச்சி அவ்வளவு வன்மையாக இருந்ததற்குக் காரணம் நேர்த்தீயில் அவசரமாகச் சுட்டதே என்பது என் கருத்து. கரிகாலனிடம் காவிரிக்குக் கரை இருந்தது, பரல் இருக்கவில்லை.

முன்னோடிகள்

புகைக்கு நாங்கள் புதியவர்கள் அல்லர். மாசி என்று நாங்கள் சம்பலில் இடிக்கும் கருவாடு, சூரை மீனை அவித்து, புகையிட்டு, பிறகு வெயிலில் மரக்கட்டை ஆகும்வரை காயவைத்தது. வாழைக்குலையைக் குழிக்குள் இறக்கி ஓலையும் மண்ணும் மூடிப் புகை ஊதிப் பழுக்கவைப்பது எங்கள் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரிந்த வித்தை. பாண் வெதுப்பும் போறணை, உள்ளே தீயை மூடிவைத்து வெளியே காத்திருக்கும் கலைக்கு ஒரு பல்கலைக்கழகம். பரல் இவை மூன்றுக்கும் பிறந்த பேரப்பிள்ளை.

ஆனால் என் ஆய்வுக்கு மிக அணுக்கமான சான்றைத் தருபவர் றொபேர்ட் நொக்ஸ். 1660 ஏப்ரலில் இதே கொட்டியாரக்குடாவில், மூதூர்ப் பக்கம், புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு ஒதுங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டவர். பத்தொன்பது ஆண்டுக்கு மேல் இந்தத் தீவில் கைதியாக இருந்துவிட்டு, தப்பிப்போய் 1681இல் புத்தகம் போட்டார். வேடர் இறைச்சி காக்கும் முறையை அதில் எழுதியிருக்கிறார்: மரத்தைக் குடைந்து, உள்ளே தேன் விட்டு, இறைச்சியை நிறைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். உருளை வடிவம், வெறும் வயிறு, மேலே மூடி, உள்ளே இறைச்சி! புகை ஒன்றுதான் குறை. அத்தோடு, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் தேன் என்று தயங்காமல் சொல்லக்கூடிய பரல் இந்தத் தீவில் அதுதான் முதலும் கடைசியும்.

இரும்புப் பரலின் பிறப்பு வேறிடம். 1905 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி வேர்ஹான். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் சொந்தக்காரி எலிசபெத் சீமன், பத்திரிகை உலகில் நெல்லி பிளை. எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதாநாயகனை ஜூல்ஸ் வேர்ன் கற்பனைதான் செய்தார். இந்த அம்மா 1889 நவம்பரில் ஒரேயொரு கைப்பையோடு புறப்பட்டு 72 நாளில் சுற்றியே முடித்தார். அந்த 72 நாளில் ஐந்து நாள் கொழும்பில் வீணாயிற்று. ஏறவேண்டிய கப்பல், வரவேண்டிய இன்னொரு கப்பலுக்காக நின்றது. ஹோட்டலில் இருந்துகொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி, நாட்களை எண்ணியபடி, அந்த அம்மா பொருமியிருக்கிறார். பதினாறு ஆண்டுக்குப் பிறகு அவர் தொழிற்சாலையில் பிறந்த பொருளின் முன்னால் இதே தீவில் ஒருவன் கதிரை போட்டு ஆறு மணித்தியாலம் காத்திருப்பான் என்று அன்று யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்? காத்திருப்புக்கும் பரலுக்கும் உள்ள தொடர்பு இலங்கையில் தொடங்கியது என்று நிறுவ இது போதும்.

இரண்டாம் உலகப்போர் பரலை உலகமெங்கும் கொண்டுபோய்ப் போட்டது. எண்ணெய் பரலில் வந்தது, தார் பரலில் வந்தது. எண்ணெயும் தாரும் தீர்ந்தன, பரல் தீரவில்லை. டிரினிடாட் தீவார் அதன் அடியைத் தட்டிக் குழித்து இசைக்கருவி செய்தார்கள். ஜமேக்காவில் அதை நெடுக்கே பிளந்து கோழி வாட்டுகிறார்கள். எங்கள் ஊரில் வெட்டி விரித்து வேலி அடைத்தோம், கூரை போட்டோம், தண்ணீர் பிடித்தோம். பிறகு வந்த நீண்ட காலத்தில் மண் நிரப்பி வீதிக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். அப்போது உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் பரலைக் கேட்கவில்லை. பரலுக்குப் பின்னால் நின்றவர்கள் எங்கள் பையைக் கேட்டார்கள்.

பரல் ஆய்வாளன் சீனக்குடாவைக் கடந்துபோனால் குற்றம். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்கென்று காட்டுக்குள் கட்டிய எண்ணெய்க் குதங்களில் இன்றும் 99 நிற்கின்றன. ஒன்று ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். அதாவது ஒரு குதம் 60,000 பரலுக்குச் சமம். தொண்ணூற்றொன்பதும் சேர்ந்தால் அறுபது இலட்சம் பரலுக்குக் கொஞ்சம் குறைவு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் ஒரு குதத்தின்மேல் வீழ்ந்தது. அந்த நெருப்பு ஏழு நாள் நின்றது என்பார்கள். அதன் எச்சம் இன்னும் அங்கேயே உருகிக் குமைந்து கிடக்கிறது. அந்த ஒன்றைப் பற்றி வேடிக்கை எழுத எனக்குக் கை வரவில்லை.

மற்றத் தொண்ணூற்றொன்பதையும் பற்றி எழுதலாம். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. கூட்டிப் பாருங்கள், 99 சரியாக வரும். அதே ஆண்டு நடுவில் நாட்டில் பெற்றோல் இல்லை, சமையல் எரிவாயுவும் இல்லை. நகரத்தார் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார்கள். குதம் யாருக்கு என்பதில் மூன்று நாடுகள் அக்கறை காட்டுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வரிசையில் நின்றவர்கள் மட்டும்தான் கேட்டார்கள். என் மச்சானுக்குப் பரல் எண்ணம் பிறந்தது அந்த வரிசையில்தான்.

செய்முறை

முதற் பரலைப் பழைய இரும்பு விற்பவர் ஒருவரிடம் வாங்கினோம். தேங்காயெண்ணெய் வந்தது என்றார். நல்ல வார்த்தை, நாங்கள் நம்பினோம். மச்சான் வெட்டிரும்பும் சுத்தியலும் எடுத்து மேல்மூடியை வெட்டினான். உள்ளே செங்காவி நிறத்தில் வழவழவென்று ஒரு பூச்சு. அழகாக இருக்கிறது, கறள் பிடிக்காது என்று மகிழ்ந்தோம். அன்று பின்னேரமே அதில் ஒரு கோழியைத் தொங்கவிட்டோம். நாலு மணித்தியாலம் கழித்து வெளியே வந்த கோழி பார்வைக்குத் தங்கம். வாயில் வைத்தால் பஸ் தரிப்பிடம். வீட்டு நாய் மணந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. கண்ணகி சிலம்பை உடைத்தபோது பாண்டியன் அப்படித்தான் பார்த்திருப்பான்.

இரண்டாம் பரலை வெல்டிங் வேலை செய்யும் நானாவிடம் கொண்டுபோனோம். அவர் கிறைண்டரைக் கையில் எடுக்கவில்லை. பரலைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“தம்பி, இதுக்குள்ள என்ன இருந்தது?”

“சமையல் எண்ணெய் எண்டுதான் சொன்னவர், நானா.”

“சொன்னவர் சரி. நீங்க மணந்து பார்த்தீங்களா?”

மூடித்திருகைக் கழற்றி மூக்கை வைத்தார். பிறகு என்னையும் வைக்கச் சொன்னார். பழைய பலகாரக் கடை வாசம். சரி என்று தலையாட்டிவிட்டு, ஆனாலும் வாய்வரை தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விடச் சொன்னார்.

“எண்ணெய்தானே நானா, பெற்றோல் இல்லையே?”

“நிறைஞ்ச பரலுக்குப் பயப்பட வேண்டாம் தம்பி. வெறும் பரல்தான் ஆளைக் கொல்லுறது.”

இந்த ஒரு வரிக்காக நானாவுக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுக்கலாம். பெற்றோல் நிறைந்த பரலுக்குள் எரிவதற்குக் காற்றில்லை. வெறும் பரலுக்குள் ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டிருக்கும். பெற்றோலோ தின்னரோ இருந்த பரலில் கிறைண்டர் வைத்தவன் துளையைப் பார்க்க இருக்கமாட்டான். நாங்கள் முதற் பரலை வெட்டிரும்பால் அடித்ததை நானாவிடம் சொல்லவில்லை. இப்போது வாசித்து அறிந்துகொள்வார்.

பரலில் இரண்டு சாதி. ஒன்று மேல்மூடி ஒட்டியது. அதில் இரண்டங்குலத் துளை ஒன்றும் முக்காலங்குலத் துளை ஒன்றும் இருக்கும். மற்றது மூடி தனியாகக் கழன்று வளையத்தால் இறுகுவது. இரண்டாவது கிடைத்தால் விடவேண்டாம். பாதி வேலை மிச்சம். நாகம் பூசிய பரல் வேண்டவே வேண்டாம். கடுஞ்சூட்டில் நாகம் புகைந்தால் காய்ச்சல் வரும் என்பது வெல்டர்மாருக்கு அனுபவப் பாடம். பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டைக் கம்பித்தட்டாக்கும் சிக்கனக்காரருக்கும் இதுவே விடை: அதன் பூச்சில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே மீனை வைக்காதீர்கள்.

உட்பூச்சை எரித்துத்தான் போக்க வேண்டும். அது பரலைக் காக்கப் பூசியது, எங்களைக் காக்க அல்ல. பரல் நிறைய உலர்ந்த விறகு அடுக்கி, வெட்டவெளியில், காற்றுப் பக்கம் நாங்கள் நின்றுகொண்டு ஊழித்தீ மூட்டினோம். வெளிப்பெயின்றும் உரிந்து விழுந்தது. ஆறிய பின் இரும்புத் தும்பால் தேய்த்தால் உள்ளே வெறும் சாம்பல்நிற இரும்பு மட்டும். கழுவி, உடனே தேங்காயெண்ணெய் பூசி, இன்னொரு முறை சூடாக்க வேண்டும். உடனே என்றதை அடிக்கோடிடுகிறேன். துறைமுகக் காற்றில் வெறும் இரும்பு கறள் பிடிக்க ஒரு சாப்பாட்டு நேரம் போதும். வெளியே ஓட்டோ சைலன்சருக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்ற் சூடு தாங்கும்.

இனித் துளை. அடியிலிருந்து இரண்டங்குலம் மேலே, நாலு பக்கமும் முக்காலங்குலத்தில் ஒவ்வொன்று. இது உலகெங்கும் வழங்கும் மரபு; நானும் மீறவில்லை. மூன்றுக்குத் திருகாணி மூடி, ஒன்றுக்குத் திறந்து மூடும் வால்வு. மூடியில் அரை அங்குலத் துளை எட்டு. கரிக்கூடை தரையைத் தொடாமல் மூன்றங்குலம் உயர்ந்து நிற்கவேண்டும், இல்லையேல் சாம்பல் மூச்சை அடைக்கும். கரியிலிருந்து இரண்டடி மேலே கம்பித்தட்டு. அவ்வளவுதான் பொறியியல். தீ தின்பது விறகையல்ல, காற்றை. துளையைத் திறந்தால் கொழுத்துப்போகும், மூடினால் மெலியும், எல்லாவற்றையும் மூடினால் மிச்சக் கரியை நாளைக்கு வைத்துவிட்டுச் செத்துப்போகும். 110 முதல் 135 பாகை செல்சியசுக்குள் நிற்க வைப்பதே திறமை.

கரிக்கு சிரட்டைக்கரியை மிஞ்ச ஒன்றுமில்லை. புகைக்குக் கொய்யாத் தடி நன்று, மாங்கொம்பு நன்று, புளி பரவாயில்லை. வேம்பு கூடாது, ஒருமுறை மச்சான் போட்டான், பாரை கசாயமாயிற்று. மரமுந்திரிகை கூடாது, அதன் கோதில் உள்ள பாலே கையைப் புண்ணாக்கும். கண்டல் விறகு நன்றாக எரியும் என்று கரையோரத்தில் சொல்லித் தருவார்கள், கேளாதிருங்கள். கண்டல் வெட்டுவது சட்டப்படி குற்றம், அத்தோடு இறால் குஞ்சு வளரும் வீட்டை எரித்து இறாலைச் சுடுவது ஆய்வு நெறிக்கும் முரண். விறகு எதுவானாலும் பச்சை ஆகாது. வெள்ளைப் புகை மேகம்போல் திரண்டால் அது சமையல் அன்று, நுளம்புக்கு அடிக்கும் மருந்து. மெலிந்த நீலப்புகை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரவேண்டும்.

திணை

புகையடுப்பு எந்தத் திணைக்கு உரியது என்பது இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளாத சிக்கல். நிலத்தால் நெய்தல், எங்கள் கொல்லையிலிருந்து உட்துறைமுகம் தெரியும். பொழுதாலும் நெய்தல், மூடி திறப்பது எற்பாட்டில்தான், வெயில் சாயும் நேரம். ஆனால் உரிப்பொருள்? முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். என் குறிப்பேட்டின்படி முதல் மூன்று மணித்தியாலம் முல்லை. வருவான் என்ற நம்பிக்கையோடு ஆற்றி இருப்பது. பிறகு ஆட்டுத் தொடையின் உட்சூடு 65, 70 பாகைக்கு இடையில் வந்து நின்றுவிடும். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், ஏறவே ஏறாது. காரணம் விஞ்ஞானம்: மண்பானையின் வெளியே கசியும் நீர் ஆவியாகி உள்நீரைக் குளிர்விப்பதுபோல், இறைச்சியின் ஈரம் ஆவியாகித் தீயின் சூட்டைத் தின்றுவிடுகிறது. ஈரம் குறைந்தால் தானாக ஏறும். காரணம் தெரிந்தும் மனம் ஆறாது. அங்கே நெய்தல் தொடங்குகிறது. விருந்தாளிகள் “எப்ப அண்ணா?” என்று கேட்கத் தொடங்கினால் பாலை. பக்கத்து வீட்டு அக்காவின் கொடியில் காய்ந்த சேலைகளுக்குப் புகை போனால் மருதம், ஊடல்.

அக்காவின் சேலைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். வைகாசி தொடங்கி ஆவணிவரை எங்கள் ஊரில் கச்சான் அடிக்கும். மேற்கேயிருந்து அனல்போல் வந்து கடலுக்குள் போகும் காற்று. அக்கா வீடு எங்களுக்குக் கிழக்கே. கச்சான் நேரே மேற்குத் துளைக்குள் புகுந்தால் பத்து நிமிடத்தில் 120 பாகை 180 ஆகும்; புகை அக்காவுக்குப் போகும். மேற்குத் துளையை அடைத்துச் சூட்டை அடக்கலாம். அக்காவை அடக்க ஒரு பாரை தேவை. இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டமும் முழுமையாகாது.

நாள் பார்ப்பது அதைவிடக் கடினம். வருடத்தில் 52 வெள்ளிக்கிழமை, அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மரக்கறி. போயா 12 அல்லது 13, அன்று இறைச்சிக் கடை பூட்டு. ரமழான் மாதம் முழுவதும் நோன்பு திறக்கும் முன் நானாவின் தெருப்பக்கம் வாட்டிய கோழி வாசம் அனுப்புவது மனிதத்தனம் அன்று. தவக்காலம் 40 நாள், பின்வீட்டு ஆசிரியர் கத்தோலிக்கர். கேதாரகௌரி விரதம் 21 நாள், கந்தசஷ்டி 6. மிஞ்சிய நாட்களைக் கூட்டி ஒரு பட்டியல் போட்டேன். அதில் பாதியில் வாடைமழை.

என்ன சுடலாம் என்பதும் இதே கணக்குத்தான். அமெரிக்கக் கலை முழுவதும் பன்றித் தோளிலும் மாட்டு நெஞ்சிலும் நிற்கிறது. ஒன்று நானாவுக்கு ஆகாது, மற்றது அக்காவுக்கு ஆகாது. இரண்டையும் விலக்கினால் மிஞ்சுவது கோழி, ஆடு, கடல். கடல் ஒன்றும் சிறிய மிச்சமல்ல. காலையில் கரைக்கு வந்த பாரையைப் பிளந்து, உப்பு, மிளகு, மஞ்சள், கொஞ்சம் கொறுக்காய்ப்புளி தடவி ஒன்றரை மணித்தியாலம் வைத்தால் மூன்று மதத்தாரும் ஒரே தட்டில் முள் எடுப்பார்கள். கோழிக்கு மூன்று மணித்தியாலம். முந்திய இரவே தம்பலகாமத்து எருமைத் தயிரில் ஊறவேண்டும். மானைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: திருகோணமலை நகரத்து மான்கள் வீதியில் நடந்து எங்கள் படலைக்குள்ளும் வரும். ஒருநாள் ஒரு புள்ளிமான் பரலுக்கு மூன்றடி தூரத்தில் நின்று மூடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அது ஆய்வின் சாட்சி, பொருள் அன்று.

இரண்டாம் பரல் ஒரு வருடமும் எட்டு மாதமும் உழைத்தது. சாம்பலை அள்ளாமல் விட்டது என் பிழை. சாம்பல் மழை ஈரத்தைப் பிடித்துவைத்து அடித்தகட்டைக் கறளாக்கி, இரண்டாம் வாடை முடிந்து தூக்கியபோது அடி தரையோடேயே இருந்துவிட்டது. கரிக்கூடையும் கம்பித்தட்டும் வால்வும் நலம். ஆகவே இந்த ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு ஒரு பரல் தேவை: மூடி கழன்று வருவது, நாகம் பூசாதது, உட்பூச்சு இல்லாததாயின் நல்லது. பாலையூற்று, உவர்மலை, சீனக்குடா, கிண்ணியா, எங்கிருந்தாலும் ஓட்டோவில் வந்து ஏற்றிக்கொள்வோம். விலை பேசலாம். பேசுமுன், உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.